முகம் தெளிவாக இல்லை

தரமணி, மூன்றாம் தளம். மாலை ஆறிலிருந்து.
என் வேலையை ஒரே வரியில் சொன்னால்
அம்மா அப்பாக்களைப் பார்ப்பது.
பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பள்ளி
இவற்றை ஒரு விளையாட்டுச் செயலி வாங்கி வைத்துக்கொள்ள
வீட்டில் பெரியவர் சரி சொன்னாரா,
சொன்னவர் பெரியவர்தானா.
ஒரு முகத்துக்கு நாற்பது நொடி.

ஸ்கெட்ச் பேனாவால் மீசை வரைந்த அப்பாக்கள் வருவார்கள்.
துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிய
ஒன்பது வயது அம்மாக்கள்.
கொரட்டூரில் ஒரு வாட்ச்மேன்
ஒரே அபார்ட்மெண்டின் ஆறு பிள்ளைகளுக்கு அப்பாவாக
ஆறு முறை சிரித்தார்,
தொப்பியை மட்டும் கழற்றிவிட்டு.
தூங்குகிற முகங்களும் உண்டு,
கன்னத்தில் தலையணை மடிப்போடு
தங்களுக்குத் தெரியாமலே சம்மதித்தவர்கள்.
நிராகரிக்கத்தான் சம்பளம்.
சிரித்துக்கொண்டே நிராகரிப்போம்.

பிள்ளையிடம் நாலு விவரம் எடுக்க அனுமதி கேட்டு
பெற்றவளிடம் ஆறு விவரம் எடுக்கிறோமே
என்று கேன்டீனில் ஒருமுறை சொன்னேன்.
டீம் லீடர் இம்மானுவேல்
பஜ்ஜித் தட்டை என் பக்கம் தள்ளினார்.

நவம்பர். பெருங்குடிப் பக்கம் தண்ணீர் ஏறுகிறதென்று
கீழே கேப் டிரைவர்கள் பேசிக்கொண்ட இரவு
பூ. தருணேஷ், வயது பதினொன்று, எர்ணாவூர்.
கடைசிப் பெயர் என்ற கட்டத்தில்
பூபாலன் என்று போட்டிருந்தான்.
நமக்கு ஏது கடைசிப் பெயர்.
அப்பா முதலில் வருவார்,
ஓர் எழுத்தாக, பக்கத்தில் ஒரு புள்ளியோடு.

படத்தில் அந்தப் பூபாலன்.
நீலச் சட்டை, பின்னால் ஸ்டுடியோ மேகம்.
கண்ணாடிக்கு மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம்.
பிளாஸ்டிக் மாலை ஒரு தோளை மறைத்தது.
ஃபிளாஷ் மோவாயில் வெடித்திருந்தது.

காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில்
வயது பொருந்தவில்லை,
அடையாள அட்டை காலாவதி,
முகம் தெளிவாக இல்லை,
இவ்வளவுதான்.
இருப்பதில் பொய் குறைந்ததை அழுத்தினேன்.
செய்தி தானே போய்விடும்: மீண்டும் முயலவும்.

பதினாறு நிமிடம்.
நடுவில் ஒரு மதுரவாயல் அம்மாவை ஏற்றேன்,
பின்னால் குக்கர் ஆவியில் பாதி சுவர் காணோம்.

தருணேஷ் திரும்ப வந்தான்.
மாலை இல்லை.
பொட்டு இல்லை.
துடைத்திருக்கிறான், ஈரத்துணியால், அவசரமாக.
நெற்றியில் மஞ்சளாய் ஓர் இழுப்பு மட்டும் மிச்சம்.
தெளிவாக இல்லை என்று நான்தானே சொன்னேன்.

துடைத்த கண்ணாடியில், அப்பாவின் சட்டைக்கு நடுவே
ஃபோனை இரண்டு கையாலும் பிடித்தபடி
அவனும் தெரிந்தான்,
உதட்டோரம் நாக்கு நுனி,
கணக்குப் போடுகிறவன் மாதிரி.
மெஷின் பச்சை காட்டியது.
உயிருள்ள முகம்: ஒன்று.

முப்பத்தொன்று. முப்பது.
அந்த வீட்டுக்கு ஒருத்தி வேலை முடிந்து வந்துகொண்டிருப்பாள்,
திருவொற்றியூர் நெடுஞ்சாலைத் தண்ணீரில்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
வந்ததும் ஆணியைப் பார்ப்பாளா,
பொட்டு எங்கேடா என்பாளா,
அல்லது அதற்குள் அவனே சந்தனம் குழைத்திருப்பானா.
எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது
பெயர், பிறந்த நாள், பள்ளி.

எதையும் அழுத்தவில்லை.
நாற்பதும் தீர்ந்ததும் அதுவே
அடுத்த ஷிப்டுக்கு நகர்ந்துகொண்டது.
அந்த இடத்தில் அம்பத்தூர், புது மீசை.

காலையில் நேத்ரா தோளை உலுக்கினாள்.
அம்மா, உன் ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு.
ஒற்றைக் கண்ணைத் திறந்து
ஆறு எண்ணையும் வாசித்தேன்.
எதுக்குடி என்று கேட்டபோது
ஸ்கூல் வேன் தெருமுனை திரும்பியிருந்தது.