பன்னிரண்டாம் நம்பர்

எங்கள் லைனில் யாரும்
அமெரிக்காவின் முகத்தைப் பார்த்ததில்லை.
பாதம் தெரியும்.
பன்னிரண்டாம் நம்பர், அகலப் பாதம்.
நவமணியின் இரண்டு காலும்
ஒரே பூட்ஸுக்குள் போய்விடும்.
மதிய மணி அடித்ததும் போட்டுக்கொண்டு
யானை நடை நடப்பாள்
சூப்பர்வைசர் தலை தெரிகிறவரை.

சரக்குப் பார்க்க வந்தவன் பேர் கர்ட்டிஸ்.
எந்த ஊர் என்றதற்கு
மொண்டானா என்றான்.
"மாண்டானா? யாரு?" என்று
பதறிப்போனாள் ஷாகிரா.

அவனிடம் என்ன பிடித்தது என்று கேட்டால்
ஆளுக்கொன்று சொல்வார்கள் ஆம்பூரில்.
தோல்தூசி கூட்டும் அஞ்சலையம்மா
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு
அவள் போகும்வரை நின்றானே, அதைச் சொல்வாள்.
(கதவு தனக்காகத் திறந்திருக்கிறது என்று தெரியாமல்
அவளும் நின்றிருந்தாள், ரொம்ப நேரம்.)
பிரியாணியை விட்டுவிட்டு
கத்திரிக்காயை வழித்து வழித்துத் தின்றதை
கேன்டீன்காரர் சொல்வார்.

நான் சொல்வது வேறு.
முந்நூற்று நாற்பது ஜோடியை
நூல் இரண்டு மில்லிமீட்டர் விலகியதென்று தள்ளிவிட்டு
என் மெஷினில் உட்கார்ந்தான்.
தானே ஒன்று தைத்துப் பார்த்தான்.
பாம்பு போன தடம் மாதிரி வந்தது.
அதை உயர்த்தி லைன் முழுக்கக் காட்டி
முதலில் சிரித்தவன் அவன்தான்.
தள்ளினது தள்ளினதுதான்.
அந்த வாரம் ஓவர்டைம் காசில்லை.
போகும்போது ஜோடிக்கு ஏழு ரூபாய்
குறைத்துக்கொண்டுதான் போனான்.
நல்லவன். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போனில் அவன் ஊரைக் காட்டினான்.
நம் கைலாசகிரிக்கு
வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் ஒரு மலை,
அடியில் ஏரி,
அந்த ஏரிக்குள் தலைகீழாய் அதே மலை.
உங்கள் ஆறு எங்கே என்றான்.
பாலாற்றுப் பாலத்தின் மேல் வைத்துத்தான் கேட்டான்.
"இதோ கீதே, அது மேலதான் நின்னுகினு கீறே"
என்றாள் நவமணி.
மேனேஜர் இம்தியாஸ் அதை மொழிபெயர்க்கவில்லை,
மழைக்காலத்தில் வாருங்கள் என்று எதையோ சொன்னார்.
அவன் மணலைப் படம் எடுத்தான்.
வெயிலைக் குடித்துவிட்டு
ராத்திரியெல்லாம் எங்கள்மேல் உமிழ்கிற
அந்த மொட்டைப் பாறைகளைப் பார்த்து
அழகு என்றான்.
நாங்களும் திரும்பிப் பார்த்தோம்,
யாரோ கூப்பிட்டதுபோல்.

கடைசி நாள் கட்டிங் மேஜையில்
போனை வைத்து ஒரு பாட்டுப் போட்டான்.
வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை.
கிடார் கம்பிமேல் இரும்பை இழுக்கிறார்களாம்.
ராத்திரி இரண்டு மணிக்கு
ஜோலார்பேட்டை பக்கம் போகிற கூட்ஸ் வண்டி
போக மனசில்லாமல் போகுமே, அந்தச் சத்தம்.
யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.
"இவனுங்களுக்கு அழுவறதுக்கு இன்னா கீது?"
என்றாள் நவமணி,
மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

கார்த்திகையில் ஒரு அட்டைப்பெட்டி திரும்பி வந்தது.
புகார் சரக்கு.
ஒரே ஜோடி. பன்னிரண்டாம் நம்பர்.
இடது கால் அடி பிளந்திருந்தது.
எங்கெங்கோ நடந்திருக்கிறது.
அடித்தடத்தின் பள்ளங்களில் மண்.
குத்தூசியால் நெம்பி
வெள்ளைத்தாளில் தட்டினேன்.
சிவப்பு. நம் செம்மண் இல்லை,
செங்கல்லை மாவாய் அரைத்ததுபோல்.
ஷாகிரா முகர்ந்து பார்த்தாள்,
நாக்கில் வைக்கப் போனவளைத் தடுத்தேன்.
ஏதோ ஒரு இலையின் முள் அதில் இருந்தது,
பெயர் யாருக்கும் தெரியவில்லை.

உள்ளே கை விட்டேன்.
கட்டைவிரல் அழுந்திய குழி.
குதிகால் தேய்ந்த சரிவு,
கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து நடக்கிற ஆள்.
நாக்குத்தோலின் உட்புறம் என் டோக்கன் நம்பர்,
பாதி வேர்வையில் அழிந்து.
பசைதான் விட்டிருக்கிறது.
தையல் விடவில்லை.
படிவத்தில் அப்படியே எழுதினேன், அழுத்தி.

மணி அடித்தது.
நவமணி பழக்கத்தில் காலை நுழைத்தாள்.
யானை நடக்கவில்லை.
ஆளில்லாத வீட்டுக்குள்
தெரியாமல் வந்துவிட்டவள்போல்
அசையாமல் நின்றாள்.