மூன்றாவது குலை

பகாவ் ஆலை வாசலில்
செம்பனைக் குலை பார்ப்பது என் வேலை.
பத்துப் பழமாவது உதிர்ந்திருக்க வேண்டும்.
இல்லையென்றால் காம்பில் சிவப்புக் கோடு,
வெட்டியவன் கூலியில் பிடித்தம்.
காயைப் பழமென்று ஏற்றக் கூடாது:
மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது.

கோகிலவாணிக்கு ராத்திரி பதினொன்றேகாலுக்கு
குறுஞ்செய்தி வந்தது.
வென்றது எட்டாயிரம் வெள்ளியாம்,
முன்பணம் முந்நூற்றெண்பது மட்டும்.
அனுப்பியவன் பெயர் இல்லை,
வேண்டாமென்று சொல்ல ஓர் எண்ணும் இல்லை.
போனது பையனின் பள்ளி பஸ் காசு.

துணைக்குப் போனேன்.
கோப்பரல் ஹஸ்னா நல்ல மாதிரி,
ஒற்றை விரலால் முழுப் புகாரையும் தட்டினாள்.
"சட்டம் இருக்குக்கா. ஆளுக்குத்தான் பேரில்ல."
அப்போது அவள் கைப்பேசியும் முனகியது.
எட்டிப் பார்த்து
கவிழ்த்து வைத்தாள்.

இன்று காலை லோரியில்
மூன்று குலை பச்சைக் காய்.
சீட்டில் வெட்டியவன் பெயர், எண், தோட்டப் பிரிவு
எல்லாம் சுத்தமாக இருந்தது:
செங்கோடன்,
கோகிலவாணி வீட்டுக்காரர்.

இரண்டுக்குக் கோடு போட்டேன்.
மூன்றாவதை
காலால் புரட்டிக்
கவிழ்த்து வைத்தேன்.