மடிக்குக் கட்டணம் இல்லை

பட்டியல் மூன்று பிரதி.
ஒன்று கடலோரக் காவல் படைக்கு.
ஒன்று கப்பலோடு போயிற்று.
ஒன்று என் இழுப்பறையில்,
எடுக்கும்போதெல்லாம் கார்பன் நீலம் விரலில் ஒட்டுகிறது.

சான் இலாரியோ துறைமுகம், இரண்டாம் சன்னல்,
பதினோரு வருடம்.
தீவுக்குத் தீவு முந்நூற்றுப் பதினைந்து பெசோ.
பெயர், வயது, ஆ அல்லது பெ.
மூன்று வயதுக்குக் கீழே என்றால்
நான் தலை நிமிர்வதுகூட இல்லை:
மடிக்குக் கட்டணம் இல்லை,
அடுத்தவர்.

அன்று ஒன்றாம் எண் எச்சரிக்கை மட்டும்.
ஒன்றாம் எண்ணுக்கு இங்கே யாரும்
காயும் துணியைக்கூட எடுப்பதில்லை.
கொப்பரை மூட்டை, பலாப்பழம்,
மூச்சுக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் சண்டைச் சேவல்,
எல்லாவற்றுக்கும் ரசீது எழுதினேன்.
பன்றிகள் இருபத்திரண்டு, தலைக்கு நாற்பது.
பன்றிக் கணக்கு கடைசிவரை சரியாக இருந்தது.

காலையில் அதே வரிசை.
யாரும் பணம் நீட்டவில்லை.
கம்பிக்குள் கையை விட்டு என் தாளைத் தொட்டார்கள்,
பெயர் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

தாளில் நூற்று நாற்பத்தொருவர்.
மணலில் கிடத்தியவர்கள் நூற்று இருபத்தொருவர்.
பிழைத்தவர்கள் அறுபத்து மூவர்.
கூட்டிப் பாருங்கள்.
நான் நான்கு முறை கூட்டினேன்.
மடியோடு மடிந்ததை எந்த வரியில் எழுதுவது?

அறுபத்து மூன்றில் ஆண்கள் ஐம்பத்தைந்து,
பெண்கள் ஏழு,
பையன் ஒருவன்.
விசாரணை அதிகாரி பேனாவைத் தட்டியபடி
"பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டா வந்தீர்கள்?" என்றார்.
ஐம்பத்தைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.
யாரும் விடவில்லை ஐயா.
சீட்டுக்கட்டும் பீரும் மேல்தளத்தில்.
சாரல் படாத கட்டில்கள் கீழ்த்தளத்தில்.
நல்ல கட்டில் என்று கேட்டுத்தான் வாங்கினார்கள்.
கீழே ஆட்டம் குறைவு, பிள்ளை தூங்கும் என்று
நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

எழுபத்து நான்காம் வரி கிரெசென்சியா ஒபெலிடோ.
இருபத்தாறு. பெ.
தூக்கி வந்தவர்களால் அவள் கைகளை நீட்ட முடியவில்லை,
அப்படியே வைத்தார்கள்.
மடங்கிய முழங்கைக்குள்
ஒரு ரொட்டி அளவு வெற்றிடம்.
எழுபத்து நான்குக்கும் எழுபத்து ஐந்துக்கும் நடுவே
அவ்வளவு இடம் கிடையாது.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள்
முப்பத்தெட்டாம் வரி சன்னலில் வந்து நின்றது.
பொலிகார்ப்போ காடியோ.
சட்டைப்பையில் கிடைத்த சீட்டை வைத்து
அடக்கம் ஆகிவிட்டவன்.
அன்று சேவலுக்குச் சுகமில்லையாம்,
சீட்டை வாசலில் யாரிடமோ இருநூற்றைம்பதுக்குத் தள்ளிவிட்டு
மலைமேல் அக்கா வீட்டில் குடித்துக் கிடந்தானாம்.
திரும்பி வந்தால் தன் பெயரில் சிலுவை.
மனைவி தட்டைக் கீழே போட்டாள்,
பிறகு அடித்தாள், பிறகு சோறு போட்டாள்.
வாங்கியவன் பச்சைத் தொப்பி போட்டிருந்தான்,
நல்ல பல்வரிசை.
பெயர் கேட்கவில்லை.

சிவப்பு மையை எடுத்தேன், முப்பத்தெட்டை அடிக்க.
அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
"இருக்கட்டும் அம்மா.
அந்த ஆளுக்கு ஒரு பெயராவது இருக்கட்டும்.
நான் வேறு வைத்துக்கொள்கிறேன்."
அதற்கு விதியில் இடமில்லை என்றேன்.
அவன் போன பிறகும்
மைக்கூட்டை மூடாமல் வைத்திருந்தேன்.

இன்று வேறு கப்பல், வேறு வண்ணம்.
ஒருத்தி முந்நூற்றுப் பதினைந்தை எண்ணி வைக்கிறாள்.
சுருட்டிய துண்டுக்குள் ஏதோ அசைகிறது.
பெயர்? என்றேன்.
சொன்னாள்.
உன் பெயர் இல்லை.
அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது
"இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லையே" என்றாள்.
பின்னால் வரிசை முணுமுணுக்கிறது.
கப்பல் ஒரு முறை ஊதிவிட்டது.
தாளில் ஊன்றிய பேனாவின் அடியில்
ஒரு புள்ளி நீலம்
பெரிதாகிக்கொண்டே போகிறது.