நாலாவது வரி

பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ், ஆன்லைன், லேமினேஷன் என்று
போர்டு மாட்டி ஒன்பது வருஷம்.
அதுவரை எனக்கு வேகம்தான் தெரியும்.

யார் வந்து உட்கார்ந்தாலும்
கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொள்வேன்.
டக் டக் டக்.
"முடிஞ்சுது. முப்பது ரூபா."
அவர்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள்
திரை வேறெதுவோ ஆகியிருக்கும்.
அடுத்த மாதம் அதே வேலைக்கு
அதே முப்பது ரூபாயோடு வருவார்கள்.
அதற்குப் பெயர் வாடிக்கை என்று
நானே வைத்துக்கொண்டேன்.

ராஜ்யலட்சுமியம்மா சத்துணவு அமைப்பாளர்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் பள்ளிக்கூடம்,
அதற்கும் அந்தப் பக்கம் ஆந்திரா.
பேசுவது தெலுங்கில், படித்தது தமிழில்.
அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, முட்டை எத்தனை என்று
மாசக் கடைசியில் அவரைக் கேட்பது இங்கிலீஷில்.

ஏழாவது தடவையோ எட்டாவதோ,
அறுபது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு
நான் தொடும் முன்னால்
மவுஸின் மேல் தன் கையை வைத்தார்.
"நிதானங்கா செய்யி நாயனா.
டபுள் காசு தரேன்.
நீ பண்றது என் கண்ணுக்கு எட்டணும்."

வெட்கம் வந்தது என்று எழுதினால் பொய்.
எரிச்சல்தான் வந்தது.
பின்னால் நாலு பேர் ஆதார் நகலுக்கு நிற்கிறார்கள்.
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
அம்புக்குறி வழிதவறும்போதெல்லாம்
என் ஆள்காட்டி விரல் தானாகத் துடித்தது.
ஒரு பொத்தானைத் தேட அவருக்கு நாலு நிமிஷம்.
சும்மா இருந்த அந்த நாலு நிமிஷத்தில்தான் பார்த்தேன்:
"சப்மிட்டை அமுக்குங்க" என்று தினமும் நான் சொல்லும் அது
பக்கத்தின் அடியில்
சாம்பல் மேல் சாம்பலாகக் கிடந்தது.

ராத்திரி ஒரு சீட்டு எழுதினேன்.
தெலுங்குப் பேச்சு, தமிழ் எழுத்து.
முதல் வரியில் "லாகின் செய்யவும்" என்று எழுதி,
அடித்து, மறுபடி எழுதினேன்:
பச்ச டப்பாலோ ஸ்கூல் நம்பரு கொட்டண்டி.
ஆறு வரிதான்; எழுத ஒரு மணி நேரம் ஆனது.
கடைசி வரி, சக்கரம் சுற்றும் நேரத்துக்காக:
ஆகண்டி. ஏமீ செடிபோலேது.
காத்திருங்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.
அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டேன்.

அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி, மழை.
போன் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொண்டு
விட்டு விட்டுக் கேட்கிறது.
"எதை அமுக்கட்டும்?"
"ஒண்ணும் அமுக்காதீங்க. என்ன தெரியுது, அதைச் சொல்லுங்க."
"வெள்ளைப் பெட்டி. மூணு வரி இங்கிலீஷ்.
கீழே ரெண்டு பொத்தான்."
"இடது பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"
"சி... ஏ... என்... சி..."
"அது வேண்டாம். மத்தது."
அவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிச் சத்தம்
சட்டென்று நின்றது. கரண்ட்.
போனும் போய்விட்டது.
நகரி மலைப் பக்கம் மின்னல் வெட்ட
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
ஒன்பதே காலுக்கு ஒரு மெசேஜ்:
முட்டை 212. பச்சை டிக் வந்துச்சு.

அப்புறம் மூன்று மாதம் ஆள் வரவில்லை.
முப்பது மூணு தொண்ணூறு என்று
மனசு ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டது, மறைக்கவில்லை.

நாலாவது மாதம் வந்தார்.
மஞ்சள் கறை படிந்த சீட்டை விரித்து வைத்தார்.
நாலாவது வரி அடிக்கப்பட்டு
மேலே பென்சிலில் வேறொன்று.
"பொத்தானை எடம் மாத்திட்டாங்க.
இப்போ மேல இருக்கு, ஆரஞ்சு கலர்.
நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை.
திருத்தி டைப் அடித்தேன்.
மற்ற பள்ளிக்கூடத்து அமைப்பாளர்களுக்கும் சேர்த்து
பதினொரு காப்பி கேட்டார்.
"லேமினேட் பண்ணிடட்டுமா? கறை படாது."

சீட்டுகளைப் பையில் மடித்து வைத்தபடி சொன்னார்:
"வேணாம் நாயனா.
மறுபடி மாத்துவாங்க.
பென்சில்ல எழுத முடியணும்."