சான்றுப்பொருள் நான்கு

மின்சாரம் போன பதினொரு மணிக்கு
பொலித்தீன் உறையைப் பிரித்து மேசையில் வைத்தார்கள்.
குழல் இல்லை. பிடங்கு இல்லை.
உப்பாற்றுச் சேற்றில் எத்தனை மாரி கிடந்ததோ,
அலுமினிய உடம்பு வெளிறி
உள்ளிருந்த இரும்புகள் மட்டும் சிவந்திருந்தன.
ஒரு சாண் நீளம்.

நிபுணர் குலதுங்க சிங்களத்தில் சொல்வார்.
நான் தமிழில் சொல்வேன்,
கூண்டில் நிற்கும் கிண்ணியா முசம்மிலுக்கு.
பழைய சாமான் வாங்கி விற்பவர்.
வலையில் வந்ததை யாரோ கொண்டுவர
கிலோவுக்குக் காசு கொடுத்து வாங்கியவர்.

"லோவர் ரிசீவர்."
காதிலை வைக்கிற சாமானோ என்று கேட்டார் முசம்மில்.
எழுந்த சிரிப்பு
நீதவான் நிமிர்ந்ததும் உட்கார்ந்தது.
கீழ்ப்பகுதி, என்றேன்.
அப்ப மேல்பகுதி எங்கை?
அது யாருக்கும் தெரியவில்லை.

குலதுங்க பென்சில் முனையால் பக்கவாட்டைத் தொட்டார்.
குழலை மாற்றலாம், பிடங்கை மாற்றலாம்,
இலக்கம் பொறிப்பது இந்த உடம்பில்தான்.
ஆகவே சட்டத்துக்கு
துவக்கு என்றால் இதுதான், மற்றதெல்லாம் உதிரி.
சொன்னேன்.
இலக்கத்தின் கடைசி மூன்றை உப்புத் தின்றிருந்தது,
அதையும் சொன்னேன்.

"ட்ரிகர்." விசை.
"ஹமர்." சுத்தியல்.
சுத்தியல் முசம்மிலுக்குத் தெரியும், தலையாட்டினார்.
"மெகசின் வெல்." ரவைக்கூடு செருகும் வாய்.
"செலக்டர்."

இங்கே அகராதியைத் திறந்தேன்.
தேவையில்லாமல் பக்கம் புரட்டினேன்.
அதற்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது.
ஈச்சிலம்பற்றில்
கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி
கழற்றிப் பூட்டிய காலத்துச் சொல்.
எனக்கு எழுபது விநாடி.
கார்விழிக்கு அறுபத்திரண்டு,
அவளை முந்த யாராலும் முடிந்ததில்லை, பிறகு தேவைப்படவுமில்லை.
அந்த இரண்டு வருடம்
என் சுயவிபரக் கோவையில் சுகவீனம் என்று இருக்கிறது.
அந்தச் சொல்லை நான் இங்கேயும் எழுதமாட்டேன்.

தெரிவு செய்யும் நெம்பு, என்றேன்,
புதிதாக வந்த ஆசிரியை போல.
மேசைக்கடியில் என் பெருவிரல்
இல்லாத ஒன்றைக் கீழே தள்ளி
டிக் என்றது.

"டிஸ்கனெக்டர்."
நகத்தளவு கொக்கி.
சுட்ட பிறகு, விரல் விடும்வரைக்கும்
சுத்தியலைப் பிடித்துவைத்திருப்பது.
ஒரே சொல்லில் இல்லையா? கேட்டார் நீதவான்.
தடுப்பி என்று வைக்கலாம், கனம் ஐயா.
இதற்குக் கீழே ஒரு குட்டிச் சுருள்வில் இருக்கவேண்டும்,
இதில் இல்லை.

சொன்ன பிறகுதான் உறைத்தது.
குலதுங்க கொக்கியோடு நிறுத்தியிருந்தார்.
சுருள்வில்லைப் பற்றி
எந்த மொழியிலும் யாரும் பேசியிருக்கவில்லை.

வெளியே ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த வழக்குப் பத்திரத்தை மென்றுகொண்டிருந்தது.
குலதுங்க கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
குனிந்து அந்தச் சிறு பள்ளத்துக்குள் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
பிறகு நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார்:
இதற்குக் கீழே ஒரு சுருள்வில் இருக்கவேண்டும்,
இதில் இல்லை.

தட்டச்சுக்காரி இரண்டையும் பதிந்தாள்.
ஏட்டில் வரிசை சரியாகத்தான் இருக்கிறது,
முதலில் அவர், பிறகு நான்.

தவணை போட்டார்கள், ஆவணி பதினெட்டு.
உறையில் திரும்பப் போடும்போது
முசம்மில் கண்ணாலேயே நிறுத்தார்.
"ஒரு றாத்தலும் வராது தங்கச்சி.
இதுக்குப் போய் துவக்கெண்டு பேரா?"

அதை மொழிபெயர்க்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.