எரியாத கார்

சூசமிர் பள்ளத்தாக்கில்
நெடுஞ்சாலை ஒரு தரம் நெளிந்து நிமிரும் இடத்தில்
ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் கூடாரம்.
புளித்த குதிரைப்பால் விற்கிறேன்,
காலி கோலா பாட்டில்களில்.
ஒரு கோடைக்கு நாலைந்து விபத்தாவது பார்ப்பேன்.
சத்தம்தான் முதலில் வரும் என்பார்கள்.
இல்லை. முதலில் குதிரைகள் தலை தூக்கும்.

போன வருஷம் சாம்பல் நிற சுபாரு.
கவிழவில்லை.
சிறுபாலத்துச் சுவரில் மூக்கை இடித்து நின்றது.
கண்ணாடிக்குள் வெள்ளையாய் ஏதோ சுழன்றது,
பானட் ஓரத்திலும் வெள்ளை.
"தீ!" என்று கத்தியது நான்தான்.

காதில் வாங்க ஓர் ஆள் இருந்தான், அதுதான் வினை.
தக்காளி லாரி ஓட்டுகிற தொக்தோசுன்.
பிள்ளை தங்காத வீடுகளில் வைக்கிற பெயர்,
'நிற்கட்டும்' என்று அர்த்தம்.
அவன் நிற்கவில்லை.
கதவைப் பிய்த்தான்,
உள்ளிருந்தவனின் அக்குளில் கை கொடுத்து
மாவு மூட்டை போல இழுத்தான்
முப்பதடி, நாற்பதடி,
வெடிக்கும் வெடிக்கும் என்று சொல்லிக்கொண்டே.
நாங்கள் பார்த்த சினிமாக்களில் எல்லாம் வெடித்தது.

கார் வெடிக்கவில்லை.
எரியவும் இல்லை.
உள்ளே சுழன்றது ஏர்பேக்கின் பொடி.
வெளியே வந்தது ரேடியேட்டரின் ஆவி.
சொன்னவர் ஆம்புலன்ஸ்காரர்,
இரண்டு மணி நேரம் கழித்து.
யார் இழுத்தது என்று அவர் கேட்கவில்லை.
கழுத்துப் பட்டையை மாட்டினார்
மெதுவாக, மிக மெதுவாக.
அந்த மெதுவில் எல்லாம் இருந்தது.

எர்மெக் என்று பேர், வயது முப்பத்தொன்று.
இடுப்புக்குக் கீழே இப்போது அவனுக்குச் சேதி போவதில்லை.
மோதியபோதே முறிந்திருக்கலாம்,
இழுத்தபோதும் இருக்கலாம்,
பிரித்துச் சொல்ல முடியாது என்றதாம் ஆஸ்பத்திரி.

பனி விழும்வரை அந்தக் கார் புல்வெளியில் கிடந்தது
பின்சீட்டில் ஒரு கூடை வாதுமைப்பழத்தோடு.
முதலில் பழம் அழுகியது, பிறகு குளவிகள் வந்தன,
பிறகு குளவிகளும் போயின.
ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கண்ணில் படும்.
எரிந்திருக்கலாமே என்று
ஒரே ஒரு தரம் நினைத்தேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஜூலை. நீல ஹோண்டா.
ஓடினேன். கத்தவில்லை.
மூக்கைத்தான் முதலில் நீட்டினேன்.
தித்திப்பாய் ஒரு வாடை: ரேடியேட்டர் தண்ணீர்,
பொறுக்கலாம்.
ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தவளிடம்
"கழுத்தை அசைக்காதே" என்றேன்,
ரொம்பத் தெரிந்தவள் மாதிரி.

தித்திப்புக்கு அடியில் இன்னொன்று இருந்தது.
கருகிய ஒயர்.
சக்கரத்துக்கு மேலே கறுப்பு நூல் ஒன்று
நேராக எழுந்தது, காற்றே இல்லாததுபோல.
நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
தொக்தோசுன் நின்றிருக்க மாட்டான், அவ்வளவு நேரம்.

"பெல்ட்" என்றாள் அவள். அந்த ஒரு சொல்.
ரொட்டிக் கத்தியால் அறுத்தேன்.
என் மகன் பால் கேனைத் தூக்கி வந்து
பானட்டின் மேல் கவிழ்த்தான், நாற்பது லிட்டர்.
தீ அதைக் குடித்துவிட்டு மேலே வந்தது.
புளித்த பால் தீய்ந்த நாற்றம்
இன்னும் என் கம்பளிச் சட்டையில் இருக்கிறது.

இதுவும் வெடிக்கவில்லை.
பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன் போல
அவசரமில்லாமல் எரிந்தது.
டயர் ஒன்று. டயர் இரண்டு. கண்ணாடி.
அவளுக்கு மணிக்கட்டில் மட்டும் காயம்,
கடிகாரம் கட்டுகிற இடத்தில்.
நான் நின்ற நேரம் அங்கே இருக்கிறது.

தொக்தோசுன் லாரியை இங்கே நிறுத்துவதில்லை.
ஒரு ஹாரன். நான் கை தூக்குவேன்.

கூடாரக் காலில் சிவப்பாய்த் தீயணைப்பான் தொங்குகிறது,
பாட்டில்களுக்குப் பக்கத்தில்.
அது என்ன விலை என்று சிலர் கேட்கிறார்கள்.
விடியற்காலை, பால் கறக்கப் போகுமுன்
அதன் முள்ளைப் பார்ப்பேன்.
பச்சையில் நிற்கிறது.
இன்றைக்குப் பச்சையில் நிற்கிறது.