ஒன்று புள்ளி நான்கு

படகுக்கு ஆழம் ஒன்று புள்ளி நான்கு மீட்டர்,
நீர்மட்டத்திலிருந்து கீலின் அடிநுனி வரை.
விற்ற பல்மருத்துவர் அதை ஒரு தாளில் எழுதி
எஞ்சின் மூடிக்குள் ஒட்டியிருந்தார்,
மருந்துச்சீட்டுக் கையெழுத்தில்.
"இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்,
மற்றதையெல்லாம் கடல் மன்னித்துவிடும்" என்றார் மலாயில்.

தனேஸ்வரியும் நானும் பதினேழு வருடம்
பாயான் லெப்பாஸில் மைக்ரான் பார்த்தவர்கள்.
வெள்ளை உடுப்பு, முகமூடி, வெளியே கண் மட்டும்.
ஒரு தலைமுடி அங்கே விழுந்த மரம்.
ஆலை மூடியபோது கைக்கு வந்த தொகையில்
படகு அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி.
பைத்தியமும் ஆளுக்குப் பாதி என்றான் என் அண்ணன்.

ஜெலுத்தோங்கைத் தாண்டினால் கால்வாய் இரண்டாகப் பிரியும்.
போன மாதம் பிரிந்தது.
வரைபடத்தில் நீலம், கண்ணுக்குத் தே தாரிக்.
மணல்திட்டுக்கு இங்கே சொந்த வீடில்லை,
பௌர்ணமிக்குப் பௌர்ணமி
சாமானைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிறது.

தனேஸ் எண்களை வாசித்தாள்.
மூன்று புள்ளி இரண்டு.
இரண்டு புள்ளி ஒன்பது.
இரண்டு ஐந்து.
பதற்றத்தில் புள்ளியை விட்டுவிட்டாள்.
"இடப்பக்கம் பாரு, தண்ணி சுருங்குது."
"மீனுக் கூட்டம்."
"மீனில்ல, மேடு. திருப்பு."
ஒன்று எட்டு.
திருப்பினேன்.

சத்தமே இல்லை. அதுதான் அவமானம்.
குழைந்த சோற்றில் அகப்பை இறங்குகிற மாதிரி
மெத்தென்று
நின்றோம்.

எஞ்சினைப் பின்னுக்குப் போட்டால் சேறு குழம்பாகிறது.
பாயை இறுக்கிச் சாய்த்துப் பார்த்தோம்.
கயிற்றைப் பிடித்து வெளியே தொங்கினோம்,
இரண்டு பேருமாக நூற்று முப்பத்தாறு கிலோ,
போதவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக
எடை போதவில்லை.
மணி நாலு பத்து. ஓதம் வடிந்துகொண்டிருந்தது,
யாரிடமும் சொல்லாமல் கூட்டத்திலிருந்து எழுந்துபோகிறவன் போல.

ஐந்தரைக்குப் படகு ஒருக்களித்துப் படுத்தது.
உள்ளே பிஸ்கட் டின் உருண்டு எங்கோ போய் இடித்தது.
நாங்கள் பக்கச்சுவரில் முதுகு சாய்த்து
வானத்தைச் சரிவாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறரைக்குப் பாலத்தின்மேல் ஆலைப் பேருந்துகள்,
பெருநிலத்திலிருந்து இரவு ஷிப்டுக்கு.
கண்ணாடிகளில் சாய்ந்து தூங்கும் தலைகள் இருக்கும்.
இங்கிருந்து தெரியாது, எனக்குத் தெரியும்.
எங்கள் தலைகளும் அதே கோணத்தில்.
"நம்ம பஸ்" என்றாள்.
"நம்ம ஆலைதான் இல்லையே."
"வேற ஆலைக்குப் போகும். பஸ்ஸுக்கு என்ன?"

அப்போது ஒருவர் கடலில் நடந்து வந்தார்.
கணுக்காலளவு தண்ணீர், கையில் நீல வாளி.
மட்டி பொறுக்குகிறாராம்.
மேலே இரண்டு மட்டிகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க!
இதை மலாயில் சொல்ல வழியில்லாமல்
நாங்களே சிரித்துக்கொண்டோம்.
தர்பூசணி வாங்குகிறவர் போலக்
கீலை இரண்டு தட்டுத் தட்டினார்.
பிறகு கை நீட்டினார்:
தண்ணீர் சுருங்கிய அதே இடம்.
அங்கேதான் இப்போது ஆழமாம்.
நோன்புப் பெருநாளுக்கு அப்புறம் அப்படித்தானாம்.
மீனுமில்லை, மேடுமில்லை. ஓட்டம்.
தனேஸ் பேனாவை எடுத்து,
வைத்துவிட்டு, பென்சிலைத் தேடினாள்.

இருட்டியது. பட்டர்வொர்த் பக்கம் நிலா,
அதன்மேல்தான் எல்லாப் பழியும்.
அளவுமானியின் பச்சை வெளிச்சத்தில்
பழைய பழக்கம்போல் குனிந்து உட்கார்ந்தோம்.
பூஜ்யம் ஒன்பது.
ஒன்று புள்ளி ஒன்று.
வெகுநேரம் ஒன்று புள்ளி மூன்று.

பதினொன்றுக்குச் சற்று முன்
சுக்கான் என் உள்ளங்கையில் லேசாக அசைந்தது,
தூக்கத்தில் யாரோ விரலை மடக்கியதுபோல்.
உள்ளே பிஸ்கட் டின் திரும்பி உருண்டது.
ஒன்று புள்ளி நான்கு.
நான் சாவியில் கை வைத்தேன்.

"இரு," என்றாள் தனேஸ்,
"டாலரன்ஸ் வேணும்."